ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது? வடசென்னைத் தலைமையாசிரியர் பயிற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டேகால். பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியின் கணினி அறை. வந்திருந்தவர்கள் பதினொரு பேர், வேலை செய்த கணினிகள் எட்டு. எல்லோரும் எமிஸ் தளத்தை, அதாவது பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசு இணையதளத்தை, திறந்து அவரவர் பள்ளிக் கணக்கில் நுழையுங்கள் என்றேன். கை பழகுவதற்கு எளிதான வேலை என்று நினைத்துத்தான் அதை முதலில் வைத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் உள்ளே போயிருந்தவர்கள் மூன்று பேர்.

ஒரு தலைமையாசிரியை தன் பள்ளியின் இளம் ஆசிரியைக்குப் போன் போட்டு, "ஏம்மா, அந்த பாஸ்வேர்டு என்னம்மா?" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு அது தெருமுனை ஜெராக்ஸ் கடைத் தம்பிக்குத்தான் தெரியும். மூன்றாமவர் துணிந்து 'மறந்துவிட்டேன்' பொத்தானை அழுத்திவிட்டார். ஓ.டி.பி.யும் வந்தது, ஆனால் அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவரின் போனுக்கு. அந்தப் பெரியவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. "சார், வணக்கம் சார், நல்லாருக்கீங்களா? ஒரு நம்பர் வந்திருக்கும், பாருங்க சார்..." அவர் பேரனை எல்.கே.ஜி.யில் சேர்த்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த நம்பர் காலாவதி.

எல்லோரும் சிரித்தோம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அவர். தலைமைப் பண்பு வகுப்புகளை எடுப்பதற்காக எங்களோடு சேர்ந்தவர். எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்போம். "ஸ்கூல் சாவி யாருகிட்ட இருக்குன்னே தெரியாம ஹெச்.எம். சீட்டுல உட்கார்ந்திருக்கோம்" என்றார். அந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் அடுத்த ஆறு மாதமும் போயிற்று. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

யார் இவர்கள்

நான்கு பேர் மாநகராட்சித் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து. மூன்று பேர் உதவி பெறும் பள்ளிகள். இரண்டு பேர் அரசு உயர்நிலைப் பள்ளிகள். மீதி இருவர் சிறிய தனியார் பள்ளிக்காரர்கள். அவர்களில் ஒருவர் முதல்வர், மற்றவர் தாளாளர். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று நாலா பக்கமும் இருந்து வந்தார்கள். ஏழு பேர் பெண்கள். பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

இயந்திரத்துக்குப் பயப்படுகிற ஊரில்லை இது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்கிறார்கள். பதினொரு பேரில் இருவரின் அப்பாக்கள் பின்னி மில் தொழிலாளிகள். அதில் ஒரு அம்மா சொன்னார்: "எங்கப்பா தறியையே பிரிச்சு மாட்டுவாரு. நான் மவுஸைத் தொடவே யோசிக்கிறேன்." ஆனால் அதே அம்மாவின் போனில் நாற்பதுக்கு மேல் வாட்ஸ்அப் குழுக்கள். காய்கறிக்காரரிடம் கியூ.ஆர். ஸ்கேன் செய்து பணம் போடுவதில் கில்லி. ஆகவே 'இவர்களுக்கு டெக்னாலஜி வராது' என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. சிக்கல் எங்கே என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

நம் பள்ளிகளில் தலைமையாசிரியர் ஆவது பெரும்பாலும் பணிமூப்பால். இருபது, இருபத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவர் ஒரு நாள் ஆணை வாங்கி அந்த நாற்காலிக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை வரை பின்னம் சொல்லிக்கொடுத்தவர், திங்கட்கிழமை சம்பளப் பட்டியல் முதல் சத்துணவு, குடிநீர் மோட்டார், பெற்றோர் சண்டை, ஆய்வு அலுவலர் வருகை வரை எல்லாம் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் எழுத்தர் கிடையாது. வகுப்பும் உண்டு. பள்ளித் தலைமைக்கென்றே தேசிய அளவில் ஒரு மையம் தில்லியில் 2012-ல்தான் வந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அது வேறு கதை. பயிற்சிக்கு இங்கே பஞ்சமும் இல்லை. கிடைக்கிற பயிற்சி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உதவுகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் போட்ட திட்டம், அது கவிழ்ந்த விதம்

எங்கள் முதல் திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. காலை 10 முதல் 12.30 வரை தலைமைப் பண்பு, மதியம் கணினி. காலை வகுப்புக்கு முதலில் நிறுவன மேலாண்மை தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்திருந்தோம். நல்ல மனிதர். தொலைநோக்கு, இலக்கு, குழு உணர்வு என்று படம் போட்டுப் பேசினார். நடுவே ஒரு பனிப்பாறைப் படம் வந்தது, தண்ணீருக்கு மேலே கொஞ்சம், கீழே நிறைய. எண்ணூரிலிருந்து வந்த தலைமையாசிரியர் என் காதில், "சார், எங்க ஸ்கூல்ல தண்ணிக்கு மேல ஒண்ணுமே இல்ல சார், மிச்சாங் புயல் அப்போ எல்லாமே உள்ளதான்" என்றார். அதோடு அந்த வகுப்பு முடிந்த மாதிரிதான்.

இரண்டாவது சனிக்கிழமை காலை வகுப்புக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். மதியத்துக்கு ஒன்பது பேர். 'கம்ப்யூட்டர் மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்' என்று பலர் நேராகவே சொல்லிவிட்டார்கள். மதிய வகுப்பும் ஒன்றும் பிரமாதமில்லை. நான் ஒரு கடையின் விற்பனைக் கணக்கை வைத்து எக்செல் நடத்திக்கொண்டிருந்தேன். யாருக்கு வேண்டும் அது?

அன்று சாயங்காலம் மூலக்கடை பக்கம் ஒரு டீக்கடையில் பெரிய டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க கிளாஸும் என் கிளாஸும் ஒரே கிளாஸ் சார். நாமதான் ரெண்டா வெட்டிட்டோம்" என்றார். மூன்றாவது வாரத்திலிருந்து காலை வகுப்பை எடுத்துவிட்டோம். மதியம் இரண்டு முதல் ஐந்து. ஒவ்வொருவரும் தன் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவர வேண்டும்: வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கம், ஒரு சுற்றறிக்கை, ஒரு செலவுச் சீட்டு. அதை வைத்துத்தான் கணினிப் பாடம், அதைப் பற்றித்தான் தலைமைப் பேச்சு. அக்டோபர் மழையில் ஒரு சனிக்கிழமை போயிற்று. மற்றபடி ஜனவரி வரை மாதத்துக்கு இரண்டு முறை நடந்தது.

போன கோப்பு எங்கே போனது

போனில் கில்லிகளாக இருப்பவர்கள் கணினி முன்னால் ஏன் உறைந்துபோகிறார்கள்? நான் பார்த்தவரை காரணம் விசைப்பலகையும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கோப்பு என்கிற எண்ணம்தான். போன் எதையும் எங்கே வைத்தது என்று காட்டாது. படம் கேலரியில் இருக்கும், கடிதம் வாட்ஸ்அப்பில் இருக்கும், தேடினால் வரும். கணினியிலோ 'டவுன்லோடு ஆயிடுச்சு' என்று சொல்லிவிட்டு அது எங்கேயோ போய்விடுகிறது. ஒரே சுற்றறிக்கையை ஒரே நாளில் நான்கு முறை இறக்கி வைத்திருந்த கணினியைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு எண்.

பெரிய டீச்சர்தான் வழி சொன்னார். "பீரோ, பீரோக்குள்ள தட்டு, தட்டுல கட்டு, கட்டுக்குள்ள தாள். இதைத்தானே இருபது வருஷமா பண்றோம்?" உண்மைதான். ந.க. எண் என்கிற கோப்பு எண் போட்டு, பொருள் எழுதி, தேதிவாரியாகக் கோத்து வைப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. கணினிக்குள் அதே பீரோவைக் கட்டினோம். ஆண்டுக்கு ஒரு தட்டு, பொருளுக்கு ஒரு கட்டு. கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள், அப்புறம் பொருள். ஆண்டை முன்னால் போட்டால் கணினி தானாகவே தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளும். 'புதுசு', 'கடைசி', 'கடைசி 2', 'இதுதான் கடைசி' என்றெல்லாம் பெயர் வைப்பதற்குத் தடை. இதற்கு ஒரு முழு மதியம் போனது. என் கணக்கில் ஆறு மாதத்தில் அதிகம் பயன் தந்த மதியம் அதுதான்.

கட்டத்துக்குள் எண்

எக்செல்லுக்கு வருவோம். மாணவர் பட்டியலில் ஆதார் எண்ணை அடித்தார்கள். பன்னிரண்டு இலக்கம். அடித்து முடித்ததும் கட்டத்தில் தெரிந்தது ஒரு புள்ளி, நடுவே 'ஈ' என்ற ஆங்கில எழுத்து, பக்கத்தில் கூட்டல் பதினொன்று. "ஐயோ, அழிச்சிட்டேனா?" என்று ஒரு அம்மா கையை எடுத்துவிட்டார். அழியவில்லை. பதினோரு இலக்கம் தாண்டினால் எக்செல் அதைச் சுருக்கிக் காட்டும், உள்ளே எண் பத்திரமாக இருக்கும். ஆனால் பதினாறு இலக்க வங்கிக் கணக்கு எண்ணாக இருந்தால் உண்மையிலேயே ஆபத்து. எக்செல் பதினைந்து இலக்கத்தைத்தான் நினைவில் வைக்கும், பதினாறாவது பூஜ்ஜியமாகிவிடும். சுழியில் தொடங்கும் கணக்கு எண் என்றால் அந்தச் சுழியே காணாமல் போகும். உதவித்தொகை ஏன் திரும்பிவந்தது என்று வங்கியையும் பெற்றோரையும் திட்டியவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு அமைதியாக இருந்தார்கள். தீர்வு ரொம்ப எளிது. எண்ணை அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும்.

இதைவிடப் பயங்கரம் பிறந்த தேதி. கணினி அமெரிக்க வழக்கத்தில் இருந்தால் மாதம் முதலில், நாள் பிறகு. 13-06-2016 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். 05-06-2016 என்று அடித்தால்? சத்தமே போடாமல் மே மாதம் ஆறாம் தேதி ஆக்கிவிடும். ஜூன் ஐந்தில் பிறந்த பிள்ளை ஒரு மாதம் மூத்துவிடும். தவறு கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் கட்டத்தில் அதே எண்கள்தான் நிற்கும். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி தப்பினால் அதைத் திருத்த ஒரு குடும்பம் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்று வடசென்னையில் எந்தத் தலைமையாசிரியருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வந்து வாசலில் நிற்கிற அம்மாவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே பெரிய டீச்சர் குறுக்கிட்டார். "இதை யாரு டைப் பண்ணாங்க?" பதில் எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான்: கம்ப்யூட்டர் தெரிந்த அந்த ஒரு ஆசிரியை. வயதில் இளையவர், அதனால் அவர் தலையில் கட்டப்பட்ட வேலை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரைப் போடக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளிக்குள்ளேயே நடக்கிற இந்தப் பதிவேற்ற வேலையைக் கல்விப் பணி இல்லை என்று யார் சொல்வது? அந்த ஆசிரியை வகுப்பை விட்டுவிட்டு அலுவலக அறையில் உட்கார்ந்திருப்பார். அவர் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்து வகுப்பில் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். அவர் மகப்பேறு விடுப்பில் போனால் பள்ளியே இருட்டில். "அந்தப் பொண்ணு செஞ்சதைச் சரிபார்க்க உங்களுக்குத் தெரியலைன்னா, நீங்க கையெழுத்து மட்டும் போடற ஹெச்.எம்." என்றார் பெரிய டீச்சர். கொஞ்சம் கடுமைதான். ஆனால் யாரும் மறுக்கவில்லை.

தாமதப் பட்டியல்

இந்தப் பயிற்சியில் நான் மறக்காத சம்பவம் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் நடந்தது. அந்தத் தலைமையாசிரியை ஆகஸ்ட் மாத வருகைப் பதிவேட்டை மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குத் தானே தட்டெழுதிக்கொண்டு வந்தார். வந்தால் 1, வராவிட்டால் 0, தாமதமாக வந்தால் 'தா'. ஒற்றை விரலால் அடித்திருந்தார், மூன்று ராத்திரி ஆனதாம். 'கவுன்ட்-இஃப்' என்கிற சூத்திரத்தைப் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை 'தா' என்று எண்ணினோம். பிறகு பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினோம்.

மூன்று வகுப்பிலும் தாமதம் பரவலாக இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். "எங்க ஏரியா பசங்க அப்படித்தான் சார், ராத்திரி தூங்க லேட்டாகும்." பட்டியலில் அப்படி இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு. மேலே பதினான்கு பேருக்கு மட்டும் எட்டு, பத்து, பன்னிரண்டு. பக்கத்தில் முகவரி நெடுவரிசையைச் சேர்க்கச் சொன்னேன். பதினான்கில் பதினொரு பேருக்கு ஒரே முகவரி: பக்கத்துத் தெருவில் இருந்த பழைய போர்டு குடியிருப்பு.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "சார், அந்த பில்டிங்கே இப்ப இல்லையே."

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டி முடிக்கும் வரை குடும்பங்கள் வாடகை குறைவான இடம் தேடிப் போய்விட்டன. பள்ளிப் பதிவேட்டில் மட்டும் அவர்கள் இன்னும் அங்கேயே குடியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவரே உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். ஒரு அம்மா சொன்னது: "நாங்க மணலி தாண்டிப் போய்ட்டோம் மிஸ். ரெண்டு பஸ்ஸு மாறணும். ஸ்கூலை மாத்தலாம்னா, வூடு குட்த்ததும் திரும்பி வந்துருவோமே, அதான் மாத்தல." சீருடையில் இருந்தால் பஸ்ஸில் காசில்லை. காலை நெரிசலில் பஸ் எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் தெரியவந்தது. ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் உண்டு. மாநகராட்சிச் சமையல்கூடத்தில் சமைத்து வண்டியில் வரும், மணி அடிப்பதற்குள் பரிமாறி முடிப்பார்கள். பள்ளியில் அதிகத் தொலைவிலிருந்து வரும் இந்தப் பதினொரு பிள்ளைகள்தான் அதைத் தவறவிட்டுக்கொண்டிருந்தன. வந்ததும் வாசலில் நிறுத்தி வைப்பது வேறு. பசியோடு முட்டிபோட்டு நின்றிருக்கிறார்கள்.

பிறகு நடந்த ஆசிரியர் கூட்டத்தைப் பற்றி அவர் அடுத்த சனிக்கிழமை சொன்னார். வழக்கமாக அந்தக் கூட்டத்தில் சுற்றறிக்கைகளை வாசிப்பார், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை அந்தத் தாளை அச்செடுத்து நடுவே வைத்து, "நீங்களே பாருங்க" என்று விட்டுவிட்டாராம். இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்த ஆசிரியர் ஒருவர், "அப்போ டயத்துக்கு வர்ற புள்ளைக்கு என்ன மரியாதை மேடம்? இவங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் பஸ்ஸுன்னுவாங்க" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு அன்று பதில் கிடைக்கவில்லை, இன்றும் முழுதாகக் கிடைக்கவில்லை. முடிவானது இவ்வளவுதான்: வாசலில் நிறுத்துவது நின்றது. பரிமாறும் அக்காவிடம் சொல்லிப் பதினொரு பங்கு எடுத்து மூடிவைக்கச் செய்தார்கள். தாமதமாக வந்த பிள்ளை முதலில் சாப்பிடும், பிறகு வகுப்பு. முதல் பாடவேளையைக் கணக்கிலிருந்து வாசிப்புக்கு மாற்றியது ஒரு ஆசிரியையின் யோசனை. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வைத்தார்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் கையெழுத்துக் குழுவாகவே ஓடுகிறது. இந்த முறை இரண்டு அம்மாக்கள், தங்கள் பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிவருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஒரு அம்மா இரண்டு மாதம் கூட்டிவந்தார். அப்புறம் அவருக்கு வேலை கிடைத்து நின்றுபோனது.

நான் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. தாமதம் குறைந்ததா என்றால், கொஞ்சம். ஆனால் 'எங்க ஏரியா பசங்க அப்படித்தான்' என்ற வாக்கியத்தை அவரிடமிருந்து நான் மறுபடி கேட்கவில்லை.

அதே தாள், வேறு கை

இதே 'கவுன்ட்-இஃப்' இன்னொரு பள்ளியில் வேறு மாதிரிப் போயிற்று. எங்கள் குழுவில் இருந்த தனியார் பள்ளித் தாளாளர் சூத்திரத்தை எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் ஆசிரியைகளின் வருகைக்கு அதைப் போட்டார். யார் எத்தனை நிமிடத் தாமதம், மாதக் கூட்டுத்தொகை, பத்தைத் தாண்டியவர்கள் சிவப்பில். அதைப் படமெடுத்துப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தச் சிவப்புப் பெயர்களில் ஒருவருக்குக் கைக்குழந்தை. அவர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார்.

தாளாளர் இதை வகுப்பில் பெருமையாகத்தான் சொன்னார். 'டிசிப்ளின் வந்துடுச்சு' என்றார். பெரிய டீச்சர் கேட்டார்: "மூணாங் கிளாஸுக்கு டீச்சர் வந்துட்டாங்களா?" வரவில்லை. அவரே போய் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாராம். பிறகு நீண்ட வாக்குவாதம். தாளாளர் இரண்டு வாரம் வரவில்லை, மூன்றாவது வாரம் வந்து ஒன்றும் நடக்காதது போல் உட்கார்ந்துகொண்டார். இதில் என் பங்கும் உண்டு. நான் சூத்திரம் சொல்லிக்கொடுத்தேன். எண்ணி வந்த பட்டியலை யாரிடம், எந்த அறையில், எப்படிக் காட்டுவது என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு, பெயர் உள்ள எந்தப் பட்டியலும் குழுவில் போகக் கூடாது, அந்த ஆளோடு மட்டும் பேச வேண்டும் என்று விதி வைத்தோம். விதி வைத்தது நாங்கள். அவர் கடைப்பிடித்தாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

தமிழில் அடிப்பது

காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தலைமையாசிரியை 1990-களில் தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். திரையைப் பார்க்காமலேயே அடிப்பார். பழைய தட்டச்சு இயந்திர முறை, வானவில் எழுத்துரு. ஆனால் அவர் அடித்த கடிதத்தைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை. அனுப்பியவர் கண்ணுக்குத் தமிழ், பெற்றவர் கண்ணுக்குப் பூச்சி. ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ் பதினாறு என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டையும் 2010-லேயே தமிழக அரசு தரமாக அறிவித்துவிட்டது. அலுவலக மேசைகளில் பழைய எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. அவருக்கு விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை, அதே தட்டச்சு முறையில் ஒருங்குறியாக அடிக்கும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தோம். ஐந்து நிமிட வேலை. இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை என்று அவருக்குக் கோபம்.

புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை. இடது கைப்பக்கம் உயிர், வலது பக்கம் மெய், ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வரும். இதைக் கேட்டதும் தமிழாசிரியராக இருந்த ஒருவர், "இலக்கணம் தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்" என்று மெச்சினார். மெச்சினாரே தவிரப் பழகவில்லை, போனில் குரல்வழித் தட்டச்சுக்குப் போய்விட்டார். குரலும் நன்றாகத்தான் வேலை செய்தது. என்ன, 'மேலாண்மைக் குழு' என்று சொன்னால் ஒரு முறை 'மேலான மை குழு' என்று வந்தது. சொல்லிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

நனைந்த பதிவேடும் ஜெராக்ஸ் கடையும்

பனிப்பாறையைக் கிண்டல் செய்த எண்ணூர்க்காரரின் பள்ளியில் 2023 டிசம்பர் மிச்சாங் புயல் வெள்ளத்தில் கீழ்த்தட்டுப் பதிவேடுகள் நனைந்துவிட்டன. அந்தப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். காயவைத்தாலும் தாள் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவருக்கு ஒரே தேவைதான்: சேர்க்கைப் பதிவேடு முழுவதையும் போனில் படமெடுத்து, பெயரிட்டு, இரண்டு இடத்தில் வைப்பது. ஒன்று பள்ளிக் கணினி, இன்னொன்று கழற்றி எடுத்துப்போகிற வட்டு. சூத்திரம், அட்டவணை எதிலும் அவர் ஆர்வம் காட்டவில்லை. ஆறு மாதமும் இந்த ஒரு வேலையைத்தான் செய்தார். பயிற்சிப் படிவத்தில் அவர் தேறவில்லை. என்னைக் கேட்டால் தேறினார்.

ஜெராக்ஸ் கடை விஷயம் சங்கடமானது. பள்ளிக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கடைத் தம்பியிடம், பிள்ளைகளின் ஆதார் நகல்கள் கடைக் கணினியின் முகப்பிலேயே. அந்தத் தம்பி நல்ல பையன், ராத்திரி பத்து மணிக்குக்கூட பதிவேற்றிக் கொடுத்திருக்கிறான். ஆனால் அந்தக் கணினியில் நாள் முழுதும் யார் யாரோ உட்காருகிறார்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தைச் சொன்னபோது யாரும் அசையவில்லை. "உங்க பொண்ணோட ஆதார் அந்த டெஸ்க்டாப்புல இருந்தா?" என்று பெரிய டீச்சர் கேட்டபோது அசைந்தார்கள். அடுத்த வாரம் மூன்று பேர் கடைக்குப் போய்ப் பக்கத்தில் நின்று அழித்துவிட்டு வந்தார்கள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார்களா என்று கேட்டேன். ஒருவர் திரும்பிப் போனார்.

ஜூனில்

பயிற்சி ஜனவரியில் முடிந்தது. 2025 ஜூனில் பள்ளி திறந்த பிறகு சிலரைப் போய்ப் பார்த்தேன். வண்ணாரப்பேட்டைத் தலைமையாசிரியை மாறுதலில் போய்விட்டிருந்தார். அந்த நாற்காலியில் புதியவர். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் உட்கார்ந்தேன். எல்லாம் அவரோடு போயிருக்கும் என்று நினைத்தேன்.

புதியவர் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை எடுத்துக் காட்டினார். வழக்கமான தாள்தான். இரும்பு பீரோ 3, மர பெஞ்சு 42, சுவர்க் கடிகாரம் 2 (ஒன்று ஓடவில்லை), சாவிக்கொத்து 1. அதற்குக் கீழே கையால் எழுதிய இரண்டு வரி. 'கணினிக் கடவுச்சொற்கள் அடங்கிய ஒட்டிய உறை 1. பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண் புதிய த.ஆ. பெயருக்கு மாற்றப்பட்டு, ஓ.டி.பி. வந்தது சரிபார்க்கப்பட்டது.' இரண்டு கையெழுத்து, ஒரே தேதி.

"தாமதப் பட்டியல்னு ஒரு ஃபைல் இருக்கு சார், அது என்ன?" என்று கேட்டார் அவர். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.